தெற்குச் சுவர் ஓரத்து ஐந்து மரங்கள்

குத்தாலிங்கம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம், கம்பியில் உரசும் கிளைகளை எல்லாம் கீழே நின்று வெட்டச் சொன்னவர். எந்த மரத்துக் கிளை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு காலனிப் பூங்காவில் காலை நடை போகத் தொடங்கினார். அப்போதுதான் வேம்பையும் புளியையும் தவிர வேறு எந்த மரத்துக்கும் தனக்குப் பெயர் தெரியாது என்பது உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மூன்றாவது தெருவில் ஜெசிந்தா இருந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இலைகளை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி வைக்கும் வேலை. அவரைவிட இருபது வயது இளையவள். வகுப்பு எடுக்கிறவள் இல்லை. ஆனாலும் காலனியில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான்.

"நாட்டு மரம் எது, அழகுக்கு வச்ச மரம் எதுன்னு பார்த்த உடனே கண்டுபிடிக்கணும் டீச்சர். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

டீச்சர் அவரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரம், அடிமரத்திலேயே பூத்துக் கிடந்தது.

"இது எப்படி அண்ணாச்சி?"

"நாகலிங்கம். சிவன் கோயில் மரம். இதைவிட நாட்டு மரம் வேற என்ன இருக்கு?"

"தென் அமெரிக்காவில இருந்து வந்தது." நேரே கையைக் காட்டினாள். "அது?"

போலீஸ்காரர்கள் மாதிரி விறைப்பாக நான்கு மரங்கள் நின்றன.

"ஆபீஸ் வாசல்ல எல்லாம் வைப்பாங்களே. வெளிநாட்டு மரம்."

"நெட்டிலிங்கம். நம்ம பக்கத்துக் காட்டு மரம்."

குத்தாலிங்கம் சிரித்துவிட்டார். "அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்தாள். "என்ன மரம்னு எழுதாதீங்க. என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க. வாரத்துக்கு ஒரு மரம் போதும்."

அவர் அப்படியே செய்தார். புங்கை இலையில் பூச்சி கொப்புளம் போட்டிருப்பதை எழுதினார். மகிழம்பூவைச் சட்டைப் பையில் வைத்து, வாடிய பிறகும் மணக்கிறதா என்று மூன்று நாள் முகர்ந்து பார்த்து எழுதினார். சாயங்காலம் தூங்குமூஞ்சி மரம் இலையை மடக்கத் தொடங்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்தார். மாதக் கணக்கில் வேலை நடந்தது. டீச்சர் ஞாயிறுதோறும் நோட்டைப் படிப்பாள். 'பார்த்தேன்' என்று எழுதிய இடத்தில் ஒன்றும் சொல்ல மாட்டாள். 'இருக்கலாம்' என்று எழுதிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள்.

மார்கழி முடிவதற்குள் காலனிக்காரர்கள் அவரை வழிமறித்து மரத்தின் பெயர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாசி மாதம் குடியிருப்போர் சங்கத்துத் தலைவர் ஆவுடையப்பன் அவரைத் தேடி வந்தார். பூங்காவில் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும் போடப் போகிறார்கள். இடம் வேண்டும். தெற்குச் சுவர் பக்கம் கிடைத்தால் நல்லது.

"நாட்டு மரத்துல கை வைக்க வேண்டாம் அண்ணாச்சி. அழகுக்கு வச்சது நாலஞ்சு எடுத்தாப் போதும். எது எதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வச்சிருவோம்."

ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதும் ஒரு காகிதத்துக்காக யாரும் காத்திருந்ததில்லை. "குடுத்திருதேன்" என்றார். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

பூங்காவில் நாற்பத்து மூன்று மரங்கள். முப்பத்தெட்டுக்கு அவர் நோட்டிலேயே விவரம் இருந்தது. மிச்சம் ஐந்தும் தெற்குச் சுவர் ஓரம் வரிசையாக நின்றன. ஒரே பருமன், ஒரே இடைவெளி. அவர் நோட்டு அங்கே வந்து சேருவதற்குள் ஐந்தும் இலை உதிர்த்து மொட்டையாகிவிட்டன. காவலாளி இசக்கியைக் கேட்டார்.

"போன வருஷம் ஒண்ணு பூத்துச்சு சார். நல்ல ரோஸ் கலரு."

"எது?"

"இதுல ஒண்ணுதான் சார். எதுன்னு ஞாபகம் இல்ல. எல்லாம் ஒரே லாரியில வந்து, ஒரே நாள்ல நட்டதுதானே."

ரோஸ் நிறம், வரிசையாக நடுவது, இலை கொட்டுவது. தபேபுயா. வெளிநாட்டு அலங்கார மரம். குத்தாலிங்கத்துக்குச் சந்தேகம் வரவில்லை. பட்டியலின் கடைசியில், 'தபேபுயா, ஐந்து' என்று எழுதினார்.

டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"இந்த அஞ்சுக்கும் என்ன பார்த்தீங்க?"

"ஒரே வரிசை டீச்சர். ஒரே லாரி."

"இலை?"

"கொட்டிருச்சு."

"சித்திரையில தளிர்க்கும். அதுவரைக்கும் இந்த வரியை எழுதாதீங்க."

"நாளைக்குக் கூட்டம். எல்லா மரத்துக்கும் எழுதிட்டு, அவங்க கேட்ட இடத்துல மட்டும் எழுதாமப் போனா என்ன நினைப்பாங்க?"

"அண்ணாச்சிக்குத் தெரியலைன்னு நினைப்பாங்க."

அவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தெருவில் நடக்கும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. தெரியலைன்னு நினைப்பாங்க. மறுநாள் கூட்டத்தில் பட்டியலை ஒரு வரியும் குறைக்காமல் படித்தார். கைதட்டினார்கள். டீச்சர் கூட்டத்துக்கு வரவில்லை.

அனுமதி வாங்கி, பங்குனி முதல் வாரத்தில் மரங்களை எடுத்தார்கள். ஒரே நாள் வேலை. நான்கின் அடிக்கட்டைகளை இயந்திரம் வைத்துத் தோண்டி எடுத்து, லாரியில் ஏற்றி அனுப்பி, குழியை மூடி மணல் பரப்பினார்கள். ஐந்தாவது மரம் சுவரை ஒட்டி நின்றது. தோண்டினால் சுவர் விரிசல் விடும் என்று அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். பத்து நாளில் ஊஞ்சல் வந்தது. பிள்ளைகள் மொய்த்தார்கள். குத்தாலிங்கத்துக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரை பிறந்து ஒரு காலை, அந்த அடிக்கட்டையில் பச்சையாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போய்க் குனிந்தார். விரல் நீளத்துக்கு இரண்டு தளிர்கள். தபேபுயா இலையை அவர் இதற்குள் வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் பார்த்து நோட்டில் வரைந்திருந்தார். விரித்த கை மாதிரி, ஐந்து ஐந்தாக இருக்கும்.

இது மூன்று மூன்றாக இருந்தது.

அவர் இரண்டு தளிரிலும் மறுபடி எண்ணிப் பார்த்தார். மூன்றுதான். பிறகு டீச்சர் வீட்டுக்குப் போனார். தளிரை ஒடித்துக்கொண்டு போக மனசு வரவில்லை. டீச்சரையே கூட்டிவந்தார்.

டீச்சர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். மரப்பட்டையைத் தடவினாள்.

"என்ன மரம் டீச்சர்?"

"ரெண்டு வாரம் போகட்டும். நல்லா விரியட்டும்."

அந்த இரண்டு வாரமும் அவர் பூங்காவின் தெற்குப் பக்கம் போகவில்லை. சோறு இறங்கவில்லை. மனைவி செண்பகவல்லி, "டாக்டர்கிட்ட போவோமா?" என்றாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தாள். ஒரே ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். தண்டில் வெள்ளை வெள்ளையாக இருந்த புள்ளிகளைப் பார்த்தாள்.

"மாவிலங்கம்."

"நாட்டு மரமா?"

"நம்ம ஆத்தங்கரை மரம். நாற்றுப் பண்ணையில கன்னு மாறி ஏறியிருக்கும்."

குத்தாலிங்கம் அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"தெரியாது அண்ணாச்சி. இலை இருந்தப்ப நானும் இந்தப் பக்கம் பார்க்கலை. மொட்டை மரத்தைப் பார்த்துப் பேர் சொல்ல எனக்கும் வராது."

அவர் ஆவுடையப்பனிடம் போய்ச் சொன்னார். ஆவுடையப்பன் நல்ல மனுஷன். தோளில் தட்டினார். "விடுங்க அண்ணாச்சி. நாப்பத்து மூணுல ஒண்ணு. பரீட்சையா இருந்தா முதல் மார்க்கு."

ஆனால் அவரால் விட முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சொல்லும்போது நாக்குக் குழறும் என்று எழுதியே வைத்துக்கொண்டார். கூட்டத்துக்குப் போகும் வழியில் பூங்காவில் டீச்சரைப் பார்த்தார். அடிக்கட்டையைச் சுற்றி அவள் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதைப் பாருங்க டீச்சர். இது போதுமா?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

'நான் கொடுத்த பட்டியலில் ஒரு மரத்தைத் தவறாக எழுதிவிட்டேன். வெளிநாட்டு மரம் என்று சொல்லி ஒரு நாட்டு மரத்தை வெட்ட வைத்தது நான். சபையோர் மன்னிக்க வேண்டும்.'

"நேர்மையா எழுதியிருக்கீங்க" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கியது. பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசான மாதிரி இருந்தது.

"ஒரு மரம்னு எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?"

"இதோ, தளிர்த்திருச்சே."

"ஆமா. இது தளிர்த்தது, நாம பார்த்தோம். ஒண்ணு பூத்தது, இசக்கி பார்த்தார்."

ஊஞ்சல் கிறீச்சிட்டுப் போய் வந்தது. டீச்சர் காகிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"மிச்சம் மூணும் என்ன மரம்?"

குத்தாலிங்கம் ஊஞ்சலுக்குக் கீழே இருந்த மணலைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, 'ஒரு' என்ற வார்த்தையை அடித்தார். அந்த இடத்தில் எத்தனை என்று எழுதுவது? அவருக்குத் தெரியவில்லை.