சர்வர்ல ஏறாத வரி

திருநெல்வேலியில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அங்க தலை ஜெசிந்தா அக்கா. இசக்கிராஜும் நிலோஃபரும் அவங்ககிட்ட தொழில் படிச்சவங்க. ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆளுக்குப் பாதியா வெப்சைட் செஞ்சு, அதை நெட்டுல ஓட்டுற சர்வர்ல ஏத்தியாச்சு. இனிமே அந்த சர்வர் யார் பொறுப்புன்னு அக்கா சொல்லணும்.

சொன்னாங்க. நிலோஃபர்.

இசக்கி டீயைப் பாதியில வச்சான். நேரா அக்கா டேபிளுக்குப் போனான்.

"அவ பாதியும் ஓடுது, என் பாதியும் ஓடுது. என்கிட்ட இல்லாதது அவகிட்ட என்னக்கா இருக்கு?"

"இரு, ரெண்டு பேரும் ஏத்துனதைத் திறந்து பாப்போம்."

நிலோஃபர் ஃபோல்டர்ல மெஷின் ஓட்டுறதுக்காகக் கம்பைல் பண்ணின ஃபைல், படங்கள், ஒரு செட்டிங்ஸ் ஃபைல். அவ்வளவுதான். இசக்கி ஃபோல்டர் வீடு மாத்துற லாரி மாதிரி இருந்துச்சு. கம்பைல் பண்ணினதும் கிடந்துச்சு, அவன் கையால எழுதின ப்ரோகிராம் கோடும் அப்படியே கிடந்துச்சு. கூடவே 'பழசு', 'புது பழசு'ன்னு ரெண்டு ஃபோல்டர்.

"கம்பைல் ஆனப்புறம் நீ எழுதின கோடு அங்க எதுக்கு?"

"கிடந்துட்டுப் போகுது. சோறா கேக்குது?"

அக்கா அதுல ஒரு ஃபைலைத் திறந்தாங்க. நடுவுல அவன் தனக்குன்னு போட்டு வச்ச குறிப்பு. மெஷின் அதைப் படிக்காது. மனுசன் படிப்பான்.

"வாசி."

இசக்கி மவுஸுக்குக் கை நீட்டினான். அக்காவே வாசிச்சாங்க.

"'மகாராணி பண்ணி வச்ச கூத்து. கழுவி விடுறது நான். அக்காவுக்குக் கண்ணு தெரியல போல.'"



"மண்டபத்துக்காரர் மகன் கம்ப்யூட்டர் படிச்சவன். நேத்து சர்வர்ல இதைப் பாத்துட்டுப் போன் போட்டு, யாருங்க அந்த மகாராணின்னு கேட்டான்."

"ஐயோ. என்னக்கா சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்."

இசக்கி குனிஞ்சு, தான் எழுதின கோடு அத்தனையும் சர்வர்ல இருந்து அழிச்சான். பழசையும் புது பழசையும் அழிச்சான். சைட்டைத் திரும்பத் திறந்தான். முன்னமாதிரியே ஓடுச்சு. அவன் இல்லாட்டியும் ஓடும் போல இருந்துச்சு.

போகணும். கதவு வரைக்கும் போய்த் திரும்பினான்.

"அக்கா, அவ என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?"

அக்கா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

"எழுதியிருப்பா. சர்வர்ல ஏத்தல."