சிமிட்டிக்குக் காதுகுத்து

ஒரு காட்டில் குட்டிகள் காப்பகம் ஒன்று இருந்தது. தாய் விலங்குகள் மேயப் போகும்போது குட்டிகளை அங்கே விட்டுவிட்டுப் போகும். காப்பாளர் ஒரு நரி. நரியா காவல் என்று கேட்காதீர்கள். சிங்கராஜா கொடுத்த உத்தியோகம். கேட்டவர்கள் திரும்பி வரவில்லை.

காப்பகத்தைச் சுற்றி முள்வேலி. பின்பக்கம் வேலியில் ஓர் ஓட்டை. அடைக்க அரை நாள் போதும். நரி ஓராண்டாக நாளைக்கு அடைக்கப் போகிறது.

சிமிட்டி என்றொரு புள்ளிமான் குட்டி. பால்குடி மறக்காதது. ஒரு நாள் அந்த ஓட்டை வழியாக வெளியே போயிற்று. திரும்பி வரவில்லை.

நரி கவனித்தது. ஏட்டைத் திறந்தது. யோசித்தது. ‘காணோம்’ என்று எழுதினால் தேட வேண்டும். ‘இருக்கிறான்’ என்று எழுதினால் தேட வேண்டியதில்லை.

‘இருக்கிறான்’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.

சாயங்காலம் தாய்மான் வந்தது.

“என் பிள்ளை எங்கே ஐயா?”

“உள்ளே தூங்குகிறான். நாளைக்கு வா.”

மறுநாள் வந்தது.

“விளையாடுகிறான். கலைக்கக் கூடாது. நாளைக்கு வா.”

மூன்றாம் நாளும் வந்தது. “நானே பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன், ஐயா.”

“பின்பக்கம் தாய்மாருக்கு அனுமதி இல்லை. அதோடு, இருக்கிற பிள்ளையை எதற்கம்மா தேடுகிறாய்? இதோ ஏடு. படிக்கத் தெரியுமா?”

“என் மடி பால் கட்டிக் கல்லாகிவிட்டது. அது உங்கள் ஏட்டில் இருக்கிறதா?”

“அதற்கு வேறு ஏடு. அந்தப் பிரிவு இங்கே இல்லை.”

அந்தப் பின்பக்கம் தவிரக் காடெல்லாம் தாய்மான் அலைந்தது. பாலில்லாமல் குட்டி இன்னும் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

நான்காம் நாள் காலை. மேற்பார்வைக்கு யானை வருகிறது என்று செய்தி வந்தது. நரிக்கு வியர்த்தது. தன் மனைவியின் தம்பி தூங்காண்டியைக் கூப்பிட்டது. தடித்த நரி. வேலை வெட்டி கிடையாது. அதன் முதுகெல்லாம் சுண்ணாம்பால் பொட்டு வைத்தது.

“இன்றைக்கு நீதான் மான்குட்டி. வாலைக் காலுக்குள் வை. வாயைத் திறக்காதே. பெயரைக் கூப்பிட்டால் ஆஜர் என்று மட்டும் சொல்.”

“வாயைத் திறக்காமல் எப்படி மச்சான் ஆஜர் சொல்வது?”

“சொல்லிவிட்டு மூடு.”

“சாப்பாடு உண்டா?”

“உண்டு. தொலை.”

யானை வந்தது. ஏட்டைப் பிரித்தது. வாசலில் தாய்மார்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

“சிமிட்டி. புள்ளிமான். வயது இரண்டு மாதம்.”

“ஆஜர்!”

கிணற்றுக்குள் அண்டா விழுந்தது போல ஒரு குரல்.

“குரல் ஏன் இப்படி?” என்றது யானை.

“சளி, ஐயா,” என்றது நரி.

“பல் நீளமாக இருக்கிறதே?”

“பால்பல், ஐயா. விழுந்துவிடும்.”

“மீசை?”

“அப்பா சாடை, ஐயா.”

யானைக்குக் கண் சிறிது. ஏடு பெரிது. ‘எல்லாம் சரி’ என்று எழுதியது.

தாய்மான் கத்தவில்லை. மூன்று நாள் கத்தியாயிற்று. நேராகப் போய்த் தூங்காண்டியின் முகத்தை நக்கியது. சுண்ணாம்பு கசந்தது. பொறுத்துக்கொண்டது.

“ஐயா, இது என் பிள்ளைதானே?”

“ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது,” என்றது யானை.

“அப்படியானால் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்.”

“அதெப்படி? நேரம் ஆகவில்லை!” என்று குதித்தது நரி.

“பெற்றவள் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே, என்னய்யா காப்பாளர் நீர்? நீ அழைத்துப் போம்மா.”

வாசலில் தாய்மானின் அண்ணன்கள் இரண்டு நின்றன. தலைக்கு இரண்டு முழக் கொம்பு.

“வா, மாப்பிள்ளை,” என்றது ஒன்று.

“என்னமாய் வளர்ந்துவிட்டான் மாப்பிள்ளை!” என்றது மற்றது.

கொம்பு முதுகில் உரசியது. தூங்காண்டி நடந்தது.

மான்கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போனதும் தாய்மான் புல்லைப் பறித்துப் போட்டது. “தின்னு, ராசா.” தூங்காண்டி தின்றது. கண்ணில் நீர் வந்தது. “துள்ளு, மாப்பிள்ளை,” என்றன மாமன்கள். துள்ளியது. குப்புற விழுந்தது.

“காலில் வலுவில்லை, பாவம். இன்னும் கொஞ்சம் புல் கொடு.”

மத்தியானம் நரி வந்தது. “அம்மா, பையனை அனுப்பிவை.”

“முடியாது ஐயா. வீட்டில் விசேஷம். இவனுக்குக் காதுகுத்து. பொழுது சாய்கிற நேரத்தில் முகூர்த்தம். மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துகிறோம். நீங்களும் வாருங்கள்.”

“ஊசி?”

“எங்களுக்கு ஏது ஊசி?” என்றது பெரிய மாமன். தலையைக் குனிந்து கொம்பைப் பாறையில் தீட்டிக்கொண்டிருந்தது.

“மச்சான்!” என்று அலறியது தூங்காண்டி.

“பாருங்கள், பிள்ளைக்கு உங்கள் மேல் எவ்வளவு பாசம்,” என்றது தாய்மான்.

நரி குரலைத் தாழ்த்தியது. “இது உன் குட்டி இல்லை. உனக்கே தெரியும்.”

“அப்படியா? எழுதிக் கொடுங்கள்.”

“என்னவென்று?”

“சிமிட்டியைக் காணோம் என்று.”

எழுதினால் உத்தியோகம் போய்விடும். நரி திரும்பி நடந்தது.

வீட்டுக்குப் போனது. அங்கே பெண்நரி காத்திருந்தது. செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது.

“ஏங்க, என் தம்பியை மானுக்குத் தத்துக் கொடுத்துட்டீங்களாமே?”

“சாயங்காலம் விட்டுவிடுவார்கள். காதில் ஒரு சின்ன ஓட்டைதான்…”

“அந்தக் கொம்பைப் பார்த்தீங்களா? காது இருக்காது. ஓட்டை மட்டும்தான் இருக்கும். அவன் முழுக் காதோட வரணும். இல்லேன்னா நீங்க இந்தக் குகைப் பக்கமே வரக்கூடாது.”

நரி ஓடியது. உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து அது ஓடியதே இல்லை. பின்பக்கம் போய், ஓட்டையில் நுழைந்து, வெளியே வந்து பார்த்தது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. நாற்பது அடி தள்ளி உண்ணிச்செடிப் புதர். அதற்குள் சிமிட்டி கிடந்தது. கொடியில் கால் சிக்கியிருந்தது. இலைமேல் விழுந்த பனியை நக்கி உயிரைப் பிடித்து வைத்திருந்தது. கத்தத் தெம்பில்லை.

நரி கொடியைக் கடித்து அறுத்தது. குட்டியை முதுகில் சுமந்துகொண்டு வந்து இறக்கியது.

தாய்மான் குட்டியை மோந்து பார்த்தது. மடியைக் காட்டியது. குட்டிக்கு எழுந்து நிற்க முடியவில்லை. தாய் படுத்துக்கொண்டு கொடுத்தது. குட்டி முதல் வாய் குடிக்கும்வரை கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

“எங்கே இருந்தான்?”

“பின்பக்கம்… நாற்பது அடி.”

தாய்மான் குட்டியின் காலை நக்கிவிட்டது. மாமன்கள் விலகி வழி விட்டன. தூங்காண்டி இரண்டு காதோடும் முதுகுச் சுண்ணாம்போடும் ஓடியது.

கூச்சல் கேட்டு யானை ஏட்டோடு வந்தது.

“ஏட்டில் ஒரு சிமிட்டி. நான் பார்த்தது வேறு. இங்கே இருப்பது வேறு. இப்போது எந்தப் பெயரை அடித்துவிடுவது?”

“எதையும் அடிக்க வேண்டாம் ஐயா,” என்றது தாய்மான். “மூன்று பெயரைச் சேர்த்து எழுதுங்கள். இந்தக் காப்பாளர் வீட்டில் மூன்று குட்டி இருக்கிறது. நாளை முதல் அவையும் இந்தக் காப்பகத்தில்தான்.”

“அது விதியில்…” என்று ஆரம்பித்தது நரி.

யானைக்கு எழுதுவது என்றால் பிடிக்கும். அதற்குள் எழுதிவிட்டது.

மறுநாள் விடிவதற்குள் வேலி அடைபட்டுவிட்டது. பெண்நரி மூன்று குட்டிகளையும் கொண்டுவந்து விட்டது. போனது. பாதி வழியில் திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

“எதற்கு இத்தனை நடை?” என்றது நரி. “மூன்று பேரும் இருப்பதாக ஏட்டில் எழுதிவிட்டேனே.”

“ஏட்டை நீங்க மடியில வச்சுக் கொஞ்சுங்க. எனக்குப் பிள்ளைங்களைக் காட்டுங்க.”

நீதி: ஊரார் பிள்ளைக்குக் காவல் நிற்பவனின் பிள்ளையும் அதே வேலிக்குள் இருக்க வேண்டும்.