கவர் பிரிக்காத படகு

வைத்திலிங்கம் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் ஒரு மோட்டார் படகை வாங்கிவிட்டார். உப்பங்கழியில் குடும்பத்தோடு உல்லாசமாகச் சுற்றிவர வேண்டுமாம்.

வாங்கினால் போதுமா, ஓட்டத் தெரிய வேண்டாமா? படகுத் துறையில் படகோட்டச் சொல்லித்தரும் பெர்னதத் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தார். பெர்னதத் அவரைவிட வயதில் சின்னவர். ஆனால் அந்தக் கழியில் படகு ஓட்டுகிற பாதிப் பேருக்கு அவர்தான் குரு. வைத்திலிங்கம் அவரை "வாத்தியாரம்மா" என்பார். அவர் இவரை "அண்ணே" என்பார்.

பெர்னதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆரஞ்சா மஞ்சளா என்று தெரியாத அளவுக்கு வெளுத்துப்போன லைஃப் ஜாக்கெட் ஒன்று எப்போதும் அவர் உடம்பில் இருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கரையில் நின்று டீ குடிக்கும்போதுகூட இரண்டையும் கழற்ற மாட்டார்.

"கல்யாண வீட்டுக்கும் இப்படியேதான் போவீங்களா, வாத்தியாரம்மா?"

"இல்லண்ணே. பாயசம் அவ்வளவு ஆழமில்ல."

ஒருநாள் காலையில் வைத்திலிங்கம் பரபரப்பாக வந்தார்.

"நாளைக்குப் பேத்தி வர்றா, வாத்தியாரம்மா. படகுல போகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. என் மகள் கறாரா சொல்லிட்டா, உங்க வாத்தியாரம்மா சரின்னா பாப்பாவை ஏத்துவேன், இல்லேன்னா கிடையாதுன்னு. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"பார்ப்போம்" என்று பெர்னதத் படகில் ஏறினார்.

படகு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இருக்கைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அதில் பாப்பாவுக்கென்று சின்ன சைஸ் ஒன்றும் இருந்தது. தீயணைக்கும் சிலிண்டர் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மிதவை வளையத்தில் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். காற்றில் பறக்காமலிருக்கக் கம்பியோடு சேர்த்து முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"ஜாக்கெட் கவரைப் பிரிக்கலையாண்ணே?"

"புதுசாச்சே! உப்புக்காத்து பட்டா வீணாப் போயிடாதா? எங்க வீட்டு சோபாவுக்கே இன்னும் கவர் பிரிக்கல, வாத்தியாரம்மா. அவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன்."

பெர்னதத் அந்தக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம் ரொம்ப நாளா மண்டையைக் குடையுது" என்றார் வைத்திலிங்கம். "இத்தனை சாமான்ல எது ரொம்ப முக்கியம்?"

"படகை எடுங்க."

கழியின் நடுவுக்கு வந்ததும் இன்ஜினை நிறுத்தச் சொன்னார் பெர்னதத்.

"பேத்தி எங்க உக்காருவா?"

"அதோ, முன்னாடி. அவளுக்குன்னு பூப்போட்ட தலகாணி போட்டிருக்கேன் பாருங்க."

"சரி. அவ அங்க உக்காந்திருக்கான்னு வச்சுக்குங்க. நான் உங்க மருமகன்னு வச்சுக்குங்க."

வைத்திலிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பெர்னதத் தண்ணீரில் குதித்துவிட்டார்.

"மாமா! காப்பாத்துங்க!"

வைத்திலிங்கம் வளையத்தை நோக்கிப் பாய்ந்தார். முடிச்சு அவிழவில்லை. அவரே போட்டது, அவருக்கே அவிழவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் கழன்று உருண்டது.

"மாமா, ஒரு வாய் தண்ணி குடிச்சாச்சு!"

ஜாக்கெட் கட்டுக்குத் தாவினார். கயிறு கழன்றால் கவர். வியர்த்த கையில் கவர் வழுக்கியது. பல்லால் கடித்தார்.

"மாமா, ரெண்டாவது வாய்..."

நீரோட்டம் பெர்னதத்தை நகர்த்திக்கொண்டு போனது. பிறகு குரல் வரவில்லை. தலை பின்னால் சாய்ந்து, கண் மூடிக்கிடந்தது.

"வாத்தியாரம்மா?"

பதில் இல்லை. வைத்திலிங்கம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இது விளையாட்டா, நிஜமா? யோசிக்க நேரமில்லை. சட்டையோடு குதித்தார். சின்ன வயதில் கிணற்றில் பழகிய நீச்சல், எப்படியோ கைகொடுத்தது. மூச்சிரைக்கப் போய் ஜாக்கெட்டைப் பிடித்தார்.

பெர்னதத் கண்ணைத் திறந்தார்.

"நல்லா நீந்துறீங்கண்ணே."

"என்னம்மா விளையாட்டு இது? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"மருமகனைக் காப்பாத்திட்டீங்க. சந்தோஷம். பின்னாடி திரும்பிப் பாருங்க."

திரும்பினார். காற்று படகைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் கடல். முன் இருக்கையில் பூப்போட்ட தலையணை தெரிந்தது.

"பாப்பா தனியாப் போறா" என்றார் பெர்னதத்.

வைத்திலிங்கம் படகை நோக்கி வெறிபிடித்தவர்போல் நீந்தினார். வெறும் தலையணைதான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நீந்தினார். படகு விலகிக்கொண்டே போனது. கை சோர்ந்தது. கூடவே மிதந்து வந்த பெர்னதத்தின் வெளுத்த ஜாக்கெட்டைத்தான் கடைசியில் பிடித்துக்கொண்டார்.

பெர்னதத் விசிலை ஊதினார். முகத்துவாரத்தருகே வலை போட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியம் நிமிர்ந்து பார்த்தார். தன் படகைக் கிளப்பி, போகிற படகை முதலில் மடக்கிக் கட்டினார், பிறகு வந்து இவர்கள் இருவரையும் தூக்கி ஏற்றினார்.

"என்னக்கா, இன்னிக்குப் பாடமா?"

"ஆமாப்பா."

வைத்திலிங்கம் தன் படகுக்கு மாறி முன் இருக்கைக்குப் போனார். கரை வரும்வரை தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறையில் இறங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பாவை வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"எத்தனை ஜாக்கெட் வாங்கினீங்க?"

"அஞ்சு. உக்கார்றது அஞ்சு பேர்தானே."

"ஓட்டுறவருக்கு?"

"எனக்குத்தான் நீச்சல்..."

சொல்லும்போதே தன் நனைந்த சட்டையைக் குனிந்து பார்த்தார்.

பெர்னதத் விசிலில் இருந்த தண்ணீரை உதறினார்.

"பாப்பா வரட்டும்ணே. எல்லாக் கவரையும் அவளே கிழிக்கட்டும். ஆறாவதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, நீங்க கேட்ட ரொம்ப முக்கியமான சாமான் அதுதான். அதை அவ கையால உங்களுக்கு மாட்டிவிடட்டும்."