கருப்பாயிக் கரடி தேடிப்போன கூட்டம்

கருப்பாயி என்ற கரடி கண் விழித்தபோது அவள் முதுகில் குட்டி இல்லை.

கரடிகள் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் காடு சுற்றும். முந்தின நாள் பொழுது சாயும்போது அவளும் அப்படித்தான் கிளம்பினாள். வழியில் ஓர் இலுப்பை மரம். அதனடியில் ஒரு பாறைக் குழி. அதில் மழைத்தண்ணீர் தேங்கி, பூ உதிர்ந்து, ஊறிப் புளித்துக் கிடக்கும். வெயில் இறங்கினால் வாடை ஆளைத் தூக்கும். ஒரு வாய்தான் என்று மூக்கை உள்ளே விட்டாள். அப்புறம் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

புதர் புதராகத் தேடினாள். கடைசியில் மூச்சிரைக்கத் தங்கை மூக்காயியின் குகைக்கு ஓடினாள்.

"குட்டி உள்ளதான் இருக்கு," என்று மூக்காயி வழியை மறித்தாள். "யாரோ வாசல்ல விட்டுட்டுப் போயிருக்காங்க. உடம்பெல்லாம் பன்னி வாடை. ஏன்க்கா, அந்த மரத்தடியில சிறுத்தைக் காலடி கிடக்குதே, பாத்தியா?"

கருப்பாயி அவளைத் தாண்டிக் குகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"குடுடி, கூட்டிட்டுப் போறேன்."

"மாட்டேன். குடியை விட்டுட்டு வா. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"விடத்தான் பாக்குறேன். முடியலையே."

"தனியா முடியலன்னா நாலு பேரோட சேந்து விடு. நம்ம சரிவுலயே மரநாய் சடையன் அதுக்குன்னு ஒரு கூட்டம் வச்சிருக்கானே."

"அந்த நாத்தம் புடிச்சவன்கிட்டயா? அங்க போனா நான் குடிக்கிறது காடு பூரா தெரிஞ்சுடும்."

மூக்காயி அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மலைக்கு அந்தப்புறம், கருப்பாயியை யாருக்குமே தெரியாத மூங்கில் காட்டில், குடியை விட்ட யானைகள் காலையில் கூடுவது வழக்கம். அங்கே போனாள். மங்களம் என்ற பெரிய யானை, "கூச்சப்படாம சொல்லு தாயி. நாங்களும் மரத்தை முட்டி மண்டை வீங்கினவங்கதான்," என்றாள். கருப்பாயி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். மனசு பஞ்சாகிவிட்டது. இனிமேல் தொடவே மாட்டேன் என்று வீறாப்பாக மலை இறங்கினாள்.

வெயில் இறங்கியது. வாடை வந்தது.

"மங்களம்மா, வாங்க!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். அவள் குரல்தான் பாறையில் முட்டித் திரும்பி வந்தது. யானைகள் நல்லவர்கள்தான். ஆனால் மலைக்கு அந்தப்புறம் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை குழிக்குள் கிடந்தது.

விடிந்து கண்ணைத் திறந்தால், எதிரே மரநாய் சடையனும் காட்டுப்பன்றி மொட்டையனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிச்சுட்டா. எனக்குப் பசிக்குது, கிளம்பலாமா?" என்றான் மொட்டையன்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நீ விழுந்ததும் வந்தோம். எப்பவும் போல," என்றான் சடையன்.

"எப்பவும் போலவா?"

"வெயில் ஏறுனா நிழலுக்கு இழுத்துப் போட்டுட்டு, நீ முழிக்கிறதுக்குள்ள போயிடுவோம். நீ லேசுப்பட்ட கனமில்ல. இவனுக்கு இடுப்பே போச்சு."

"அப்ப அன்னைக்கு என் குட்டி..."

"சிறுத்தை வந்துடுச்சு. மொட்டையன் குட்டியைத் தன் வயித்துக்கடியில மறைச்சுக்கிட்டான். நான் மரத்து மேல இருந்து கத்திக் கத்தி அதை வேற பக்கம் இழுத்தேன். அப்புறம் உன் தங்கச்சி வாசல்ல கொண்டு விட்டோம்."

கருப்பாயி மூக்கில் ஒட்டியிருந்த பூவைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் குடிக்கிறது எல்லாருக்கும் தெரியுமா?"

"குடிச்சா நீ பாடுற, தாயே," என்றான் மொட்டையன். "இந்தப் பக்கம் ஒரு குருவிகூடக் கூடு கட்டுறதில்ல."

"ஏன் யாரும் என்கிட்ட கேக்கல?"

"நாங்களும் இதே குழியில கிடந்தவங்கதான். கேட்டா எங்களைக் கடிச்சிருப்ப," என்றான் சடையன். "வெயில் இறங்கும்போது கரையான் புத்துக்கு வா. உன் நகம் எங்களுக்கு உதவும்."

அந்தக் கூட்டத்தில் சத்தியம் வாங்குவதில்லை. புத்திமதியும் கிடையாது. வாடை கிளம்பும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் புற்று தோண்டுவார்கள், கிழங்கு பறிப்பார்கள். வாய்க்கு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் தோண்டிக்கொண்டிருந்த கருப்பாயியின் மூக்கு தானாகத் திரும்பியது. "நாக்கு நமநமங்குதே," என்று எழுந்தாள். மொட்டையன் ஓடி வந்து தன் உடம்பு மொத்தத்தையும் அவள் மேல் சாய்த்தான்.

"தள்ளுடா, பன்னிப்பயலே!"

"திட்டிக்க. நகர மாட்டேன்."

வாடை அடங்கும் வரை திட்டினாள். அவன் நகரவே இல்லை.

இலுப்பை பூத்து ஓய்ந்தது. மழை பிடித்தது. குழியில் தண்ணீர் தெளிந்தது. கருப்பாயி தங்கையின் குகை வாசலில் போய் நின்றாள். மூக்காயி ஒதுங்கி வழிவிட்டாள்.

குட்டி மெல்ல வெளியே வந்தது. கிட்டே வந்து அம்மாவின் வாயை முகர்ந்து பார்த்தது. ஈர மண்ணும் கரையானும்தான் மணத்தன. நம்பாமல் இன்னொரு தடவை முகர்ந்தது. பிறகு, "அம்மா, பசிக்குது," என்றது.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டுத் தூரத்துத் துணையைத் தேடாதே. நீ தடுமாறும் நேரத்தில் கூப்பிட்டால் ஓடி வருகிற கூட்டமே உனக்குச் சரியான கூட்டம்.