உயிரோடு இருப்பவர்களின் தாள்

மாசிடோனிய மலைகளில் கிரேக்கப் படை பதுங்குகுழி வெட்டிக் கிடந்த காலம். படையின் பாதிரியார் அந்திமோஸுக்கு ஐம்பது வயது. அவருடைய குரு நீலோஸ் அவரைவிடப் பதினோரு வயது இளையவர்; கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்து, பிறகு துறவியானவர். படைக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில், பாதிக் கூரை போன ஒரு சிற்றாலயத்தில் இருந்தார்.

எதிர்க் குன்றைப் பிடிக்க மூன்று முறை போயாகிவிட்டது. மூன்று முறையும் முள்கம்பி அறுபடவே இல்லை. போனவர்கள் அதிலேயே தொங்கினார்கள். நாளைக் காலை நாலாவது முறை என்று கர்னல் உத்தரவு போட்டார். கம்பி அப்படியே நிற்கிறதே என்று அந்திமோஸ் கேட்டதற்கு, அது தமக்கும் தெரியும் என்றார். புறப்படுமுன் பாதிரியார் வரிசை நெடுக நடந்து, திருநீற்றுப்பச்சை இலைக் கொத்தால் தீர்த்தம் தெளிக்க வேண்டும். அப்போதுதான் பயல்கள் தயங்காமல் ஏறுவார்கள் என்றும் சொன்னார்.

போன முறை தெளித்தபோது லாம்ப்ரோஸ் என்ற சிப்பாய், "நல்லா ஊத்துங்க சாமி, கம்பியாவது துருப்பிடிக்கட்டும்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை.

பிற்பகலில் அந்திமோஸ் மலையேறினார். மிச்சமிருந்த சிப்பாய்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனார்.

அவர்கள் சபையில் பெயர்களுக்கு இரண்டு தாள் உண்டு. உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்கு ஒன்று, இறந்தவர்களின் இளைப்பாற்றிக்கு ஒன்று. ஒன்றை மற்றதாக வாசித்துவிட்டால் பெற்றவள் அடிவயிற்றில் அறைந்துகொண்டு அழுவாள்.

"குருவே, இது சுகத்துக்கான தாள். நாளை நான் தெளிக்கலாமா, கூடாதா?"

நீலோஸ் தாளை வாங்கிக்கொண்டு பீடத்தின் முன் நின்று வாசிக்கத் தொடங்கினார். அந்திமோஸ் தலை குனிந்து கேட்டார். ஏழெட்டுப் பெயர் தாண்டி, லாம்ப்ரோஸ் என்று வந்தபோதுதான் ராகம் அவர் காதில் உறைத்தது. அது இறந்தவர்களுக்குப் பாடுவது.

பாய்ந்து தாளைப் பிடுங்கினார்.

"புத்தி பிசகிவிட்டதா? இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இந்நேரம் கீழே அவரைக்கொட்டைக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்."

"எதுவரைக்கும்?" என்றார் நீலோஸ்.

அந்திமோஸின் முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் குருவிடம் அவர் குரல் உயர்த்தியதில்லை. இப்போது அங்கியின் கழுத்தைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார்.

"இவர்களைச் சாகக் கொடுக்க நீர் யார்? யார் கொடுத்த அதிகாரம் உமக்கு?"

நீலோஸ் விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"நான் பெயரைத்தான் வாசித்தேன். அதற்கே என் அங்கியின் கழுத்தைப் பிடித்துவிட்டீர்கள். இவர்களை அனுப்புகிற கர்னலும் கழுத்து வைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் கீழே உட்கார்ந்திருக்கிறார்."