தானாக நடந்த ஆட்டக்காரன்

இந்தக் கதையில் ஒரே ஓர் இடத்தைப் பல வருடங்களாக என்னால் நம்ப முடிந்ததில்லை. சொன்னவர் ஷர்புதீன். கதையும் அவருடையதுதான்.

மதுரையில் வீடியோ கேம் கால்பந்து மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஷர்புதீனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா, அவரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அவருக்கு அவள் மாஸ்டர்.

ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது, திரையில் ஆளை நகர்த்தும் ஸ்டிக் உள்ள கன்ட்ரோலரை அவள் முன்னால் போட்டார்.

"மாஸ்டர், இதுவும் போச்சு. ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தா ஆள் தானா இடப்பக்கம் நடக்குறான்."

"இதுக்கு முன்னாடி வச்சிருந்தது?"

"அதுவும் இடப்பக்கம். அதுக்கு முன்னாடி உள்ளதும். கம்பெனிக்காரன் மொத்தமா குப்பையை வித்திருக்கான்."

"எல்லாக் குப்பையும் ஒரே பக்கமா சாயுதா?"

"கிண்டல் பண்ணாதீங்க. சின்ன அசைவைக் கண்டுக்காத மாதிரி செட்டிங்கை மாத்தச் சொல்றானுங்க."

"மாத்தலாம். அப்புறம் நீங்க மெதுவா தொட்டாலும் கண்டுக்காது. பரவாயில்லையா?"

அவர் கன்ட்ரோலரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

"புதுசு வாங்கினதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"நடு பார்த்து வைப்பேன். ஸ்டிக் சும்மா நிக்கிற இடம் எதுன்னு மெஷினுக்குக் காட்டணும்ல?"

"இப்பக் காட்டுங்க."

ஷர்புதீன் பட்டனை அழுத்தினார். ஸ்டிக்கைத் தொட வேண்டாம் என்று திரையில் எழுத்து வந்தது. அவருடைய இடது கட்டைவிரல் ஸ்டிக்கின் மேலேயே இருந்தது, லேசாக வலப்பக்கம் தள்ளியபடி.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள்.

"எடுங்க."

"எதை?"

"விரலை."

"முடியாது." அவர் குரல் உயர்ந்தது. "போன வருஷம் வேர்வையைத் துடைக்க ஒரு தடவை எடுத்தேன். அந்த நேரத்துல எதிராளி கோல் போட்டுட்டான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எவன் சொன்னாலும் எடுக்க மாட்டேன். நீங்க சொன்னாலும்தான்."

"எடுக்காதீங்க. ஆனா நீங்க தள்ளிப் பிடிச்சிருக்கிறதைத்தான் அது சும்மா நிக்கிறதுன்னு நெனச்சுக்குது. விட்டீங்கன்னா, நீங்க மறுபக்கம் போகச் சொல்றதா நெனச்சு ஓடுது. கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்?"

"அப்போ தப்பு என்னுதா?"

வெளியே மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஜெசிந்தா கன்ட்ரோலரை வாங்கி மேசைமேல் வைத்தாள். பட்டனை அழுத்திவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"விரலை வச்சேதான் ஆடுவேன்னா ஆடுங்க. மெஷினைத் திட்டாதீங்க. இல்லன்னா, இப்படி நில்லுங்க."

ஷர்புதீன் முறைத்தார். மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரும் கைகளைப் பின்னால் கட்டினார். திரையில் ஆள் அசையாமல் நின்றான்.

"அவ்வளவுதான். போனேன், ஜெயிச்சேன். அன்னியோட அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சவால் விடுவதுபோல முடிப்பார் ஷர்புதீன்.

கடைசியில் ஒருநாள், டீக்கடையில், அவரிடமே கேட்டுவிட்டேன்:

"பாய், பழக்கம் விட்டுப்போச்சுன்னா, மேசைமேல சும்மா நிக்கிற டீ கிளாஸை அந்தக் கட்டைவிரல் எதுக்கு இப்படி வலப்பக்கமா தள்ளிப் பிடிச்சிருக்கு?"