தண்ணி குடிச்ச கதவு

"ஏட்டி, குடத்தை இங்கிட்டு நகத்தி வையி. இந்தக் கதவு என் தண்ணியைக் குடிக்கு!"

இப்படி ஒரு சத்தம் வெளிய கேட்டுச்சு. கார் ஷெட்டுக்குள்ள நின்னு கண்ணாடி துடைச்சுக்கிட்டிருந்த விண்ணரசி காதுல விழுந்துச்சு. கதவாவது தண்ணி குடிக்கிறதாவதுன்னு சிரிச்சுக்கிட்டா. அத்தோட மறந்தும் போனா.

யாரு விண்ணரசியா? சொல்றேன், தலையைத் தலகாணில வையி. ஒரு ஊர்ல ஒரு தெரு. தெரு முடியிற இடத்துல கடல். கடலைப் பாத்தாப்ல ஒரு வீடு. அந்த வீட்டு ஷெட்டுக்கு ஒரு ஷட்டர் கதவு. நீ பாயைச் சுருட்டுறியே, அது மாதிரி சுருண்டு சுருண்டு மேல போற இரும்புக் கதவு. அந்த வீட்டுக்காரிதான் விண்ணரசி. அவ வீட்டுக்காரரு சந்தியாகு, உப்பளத்துல மேஸ்திரி. ம் சொல்லு.

ம்.

அந்த ஊர்ல காத்துல உப்பு, மண்ணுல உப்பு, கிணத்துத் தண்ணி, போர் தண்ணி எல்லாத்துலயும் உப்பு. நல்ல தண்ணி லாரியிலதான் வரும். லாரி வந்துச்சுன்னா தெருவே குடத்தோட ஓடிவந்து விண்ணரசி வீட்டு ஷட்டர் முன்னாடி வரிசை கட்டும். சூசையம்மா பாட்டி வயசைக் காட்டி முதல் ஆளா நின்னுக்குவாங்க. அன்னைக்கு, கதவு தண்ணி குடிக்குதுன்னு சத்தம் போட்டது அவங்கதான்.

விண்ணரசிக்கு கார் ஓட்டத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா சூசையம்மாவையும் இன்னும் மூணு பாட்டிகளையும் பின்னாடி சீட்டுல அடைச்சுக்கிட்டு, பாம் பாம்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவா. வாரம் பூரா அவ காத்துக்கிட்டிருக்கிறது அந்த ஒரு சவாரிக்குத்தான்.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை, சந்தியாகு ஷட்டரைத் தூக்குறாரு. கிரீச்ச்... கிரீச்ச்... பாதியில நின்னுபோச்சு. குனிஞ்சு உள்ள போய்த் தள்ளுறாரு. டங்! தலையில இடி. பாட்டிங்க நாலு பேரும் நல்ல சேலை கட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கிறாங்க. கோயில் மணி அடிச்சு, பூசையும் முடிஞ்சுபோச்சு. கதவு அசையல.

"சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான். இந்தச் சனியனைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுர வேண்டியதுதான்!"ன்னாரு சந்தியாகு, தலையைத் தேச்சுக்கிட்டே.

"அப்போ காரு?"

"வெளிய நின்னா உப்புக்காத்து தின்னுரும். அதுக்கு முன்னாடி அதையும் வித்துருவோம்."

காரு போச்சுன்னா விண்ணரசிக்கு அந்த ஞாயித்துக்கிழமை சவாரியும் போச்சு. சனிக்கிழமைக்குள்ள கதவைச் சரி பண்ணியே ஆகணும்னு நினைச்சுக்கிட்டா.

அப்புறம் என்ன பண்ணா? சமையக்கட்டுல இருந்து தேங்கா எண்ணெயை எடுத்தா. உன் தலையில வைக்கிறாப்ல, ஷட்டர் ஏறி இறங்குற ரெண்டு பக்கத்துக் குழியிலயும் தேச்சுத் தேச்சு வச்சா. சர்ர்ர்னு ஏறுச்சு கதவு. ஆகான்னு சிரிச்சா. சாயங்காலம் கடல்காத்து அடிச்சுச்சு, உஸ்ஸ்னு. பறந்துவந்த மணலெல்லாம் எண்ணெயில அப்பிக்கிச்சு. விடிஞ்சு தூக்குனா, கர்ர் கர்ர்னு பல்லைக் கடிக்கிது கதவு.

"போதாது போல. இன்னும் கனமா வைக்கணும்"னு, அப்போ என்ன பண்ணா தெரியுமா? வடை சுட்ட எண்ணெய் மிச்சம் இருந்துச்சு. அதை ஊத்திட்டா!

சிரிக்காத, தூக்கம் போயிரும்.

தெருவுல இருக்கிற பூனையெல்லாம் வந்துருச்சு. மியாவ், மியாவ், நக் நக் நக். எறும்பு வேற சாரை சாரையா. சந்தியாகு கதவைத் திறக்கப் போனவரு ஒரு பூனை வாலை மிதிச்சுட்டாரு. மியா...வ்வ்! ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குதிச்சாங்க.

"என்னட்டி இது, ஷெட்டா, டீக்கடையா?"ன்னாரு.

அப்புறம் மூணாவதா, மோட்டாரைப் போட்டு ட்யூப்பைப் பிடிச்சு, போர் தண்ணியால கதவை நல்லா கழுவிவிட்டா. புஸ்ஸ்ஸ்! பளபளன்னு ஆயிருச்சு. காஞ்சுச்சு பாரு, மேல இருந்து கீழ வரைக்கும் வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துருச்சு. கதவு ஒரு விரக்கடை கூட ஏறல.

"பகல் பூரா அங்க உப்பு அள்ளுறேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் விளைஞ்சு நிக்கி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு சந்தியாகு. ம்?

...ம்.

வெள்ளிக்கிழமை லாரி வந்துச்சு, போச்சு. எல்லாரும் தண்ணி பிடிச்சுட்டுப் போனப்புறம் விண்ணரசி கதவு முன்னாடி அப்படியே தரையில உக்காந்துட்டா. நாளைக்கு இரும்புக்காரன் வந்துருவான். பாட்டிங்ககிட்ட என்ன சொல்றதுன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தா.

அப்போதான் கண்ணுல பட்டுச்சு. கதவு பூரா பழுப்பும் வெள்ளையுமா கிடக்கு. ஆனா கீழ வலது மூலையில, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் புதுசு மாதிரி மின்னுது. மேல ஒரு விரலை வச்சுத் தேச்சு நாக்குல வச்சுப் பாத்தா. தூ, உப்பு! மூலையில தேச்சு நாக்குல வச்சா. சப்புன்னு இருந்துச்சு, உப்பே இல்ல.

அந்த மூலையிலதானே சூசையம்மா எப்பவும் குடத்தை வைப்பாங்க? குடம் நிறைஞ்சு வழிஞ்சு, தளும்பி, நல்ல தண்ணி அங்கதானே தெறிக்கும்? 'இந்தக் கதவு என் தண்ணியைக் குடிக்கு.' விண்ணரசி சட்டுன்னு எழுந்திரிச்சுட்டா. கதவுக்கு எண்ணெயும் வேண்டாம், போர் தண்ணியும் வேண்டாம். அது கேட்டது நல்ல தண்ணி!

ஓடிப்போய்க் குடத்தைத் தூக்குனா. சந்தியாகு குறுக்க வந்து நின்னுட்டாரு.

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல கதவைக் குளிப்பாட்டப் போறியாக்கும்? கிறுக்கு பிடிச்சுருக்கா உனக்கு?"

அவரு நல்ல தண்ணியை டம்ளர்ல அளந்து குடிக்கிற ஆளு. ஒரு சொட்டு கீழ விழுந்தா ஒரு நாள் பூரா பேசுவாரு.

"இது என் பங்கு. அடுத்த லாரி வர்ற வரைக்கும் நான் பதநீர் குடிச்சுக்கிடுதேன். தள்ளுங்க"ன்னா விண்ணரசி.

தள்ளி நின்னுட்டாரு.

முதல்ல சோப்புத்தூளைப் போட்டு, எண்ணெயும் மணலுமா அப்பிக் கிடந்த குழியைச் சுரண்டி வழிச்சா. அப்புறம் நல்ல தண்ணியில துணியை நனைச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு மடிப்பா துடைச்சா. மிச்சத் தண்ணியை மெதுவா ஊத்துனா. சந்தியாகோட பழைய சாரத்தை, அதான் கைலியை, எடுத்து ஈரமில்லாம ஒத்தி எடுத்தா. எல்லாம் சரி. ஆனா வழுக்கி ஏற ஏதாவது வேணுமே? எண்ணெய் வச்சா மறுபடியும் மணல் ஒட்டுமே?

அப்போ சூசையம்மா பாட்டி வேடிக்கை பாக்க வந்தாங்க, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு.

"ஏன் பாட்டி, இடுப்பு இன்னும் வலிக்கா?"

"வலிக்காம? கோயில்ல மாதா கெபி முன்னாடி விழுந்தேன்லா. எவளோ மெழுகுவத்தியைச் சாய்ச்சு வச்சுட்டுப் போயிட்டா. தரை காய்ஞ்சுதான் கிடந்துச்சு, ஆனாலும் சர்ருன்னு இழுத்துட்டுப் போயிட்டு."

விண்ணரசி அவங்களையே பாத்தா. காய்ஞ்ச தரை. மெழுகு. சர்ரு.

"பாட்டி, ஒரு துண்டு மெழுகுவத்தி இருக்குமா?"

பாட்டி முந்தானை முடிச்சை அவுத்தாங்க. எரிஞ்சு மிஞ்சுன துண்டு ரெண்டு இருந்துச்சு. ரெண்டு பேருமா ஆளுக்கொரு பக்கம் உக்காந்து, குழி முழுக்கத் தேய் தேய்னு தேச்சாங்க. பூனைங்க வந்து மோந்து பாத்துட்டு, ச்சேன்னு போயிருச்சு.

ம் சொல்லலியே? சரி, சரி. கண்ணை மூடிக்கிட்டே கேளு.

சனிக்கிழமை இரும்புக்காரன் வந்தான், டிங் டிங் டிங்னு. தராசு ஒரு கையில, பேரீச்சம்பழக் கூடை ஒரு கையில. விண்ணரசி சுவத்தோட ஒட்டி நின்னா. மெழுகு தேச்சது சந்தியாகுக்கு இன்னும் தெரியாது.

சந்தியாகு சாரத்தை மடிச்சுக் கட்டுனாரு. குனிஞ்சாரு. எப்பவும் போல பல்லைக் கடிச்சு, மூச்சைப் பிடிச்சு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுத்தாரு.

சர்ர்ர்ர்ர்ர்!

கதவு பறந்து மேல போயிருச்சு. சந்தியாகு பொத்துன்னு பின்னாடி உக்காந்துட்டாரு. இரும்புக்காரன் தன் கூடையில இருந்தே ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில போட்டுக்கிட்டான்.

"அண்ணாச்சி, எடைக்கு வருமா, வராதா?"

"போவே, போய் வேலையைப் பாரு"ன்னு மண்ணைத் தட்டிக்கிட்டு எழுந்தாரு சந்தியாகு.

மறுநாள் காலையில நாலு பாட்டிங்க, ஒரு காரு, பாம் பாம் பாம். கோயில் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க.

அப்புறம் லாரி வந்துச்சு. வரிசையில விண்ணரசி நிக்கல. சந்தியாகு நிக்கிறாரு, வழக்கமா பிடிக்கிற குடத்தோட கூட ஒரு குடம்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுக்கு விருந்தாளியா?"ன்னு பொம்பளைங்க கேலி பண்ணாங்க. அவரு குடத்தையெல்லாம் நிறைச்சு ஓரமா வச்சாரு. தெரு காலியாகுற வரைக்கும் நின்னாரு. அப்புறம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறுனாரு. அந்தக் குடத்தைச் சாய்ச்சு, மேல இருந்து மெதுவா, ஒரு மடிப்பு விடாம, கதவுக்கு ஊத்துனாரு. மொடக்... மொடக்... மொடக்...

கதவும் குடிச்சாச்சு, கதையும் சொல்லியாச்சு. தூங்கு.